சான் மமேஸில் ஓர் ஆட்டம்: பில்பாவுக்குப் போகும் ரசிகருக்கு முழு வழிகாட்டி

கால்பந்து பார்க்க ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று சொன்னால், "மாட்ரிட்டா, பார்சிலோனாவா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அந்த இரண்டு மைதானங்களுக்கும் நான் போயிருக்கிறேன். பிரம்மாண்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டிலும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். ஆட்டத்தைப் பார்த்ததைவிட அதைப் படம் பிடித்த நேரம்தான் அதிகம். வடக்கே பாஸ்க் நாடு எனப்படும் பகுதியில், பில்பாவ் நகரத்தின் சான் மமேஸ் மைதானத்தில் நிலைமையே வேறு. என் இடப்பக்கம் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், வலப்பக்கம் அவருடைய பேரன். முன்வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைதானத்தில் நான் விருந்தாளி, அது அவர்கள் வீடு என்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். இது சுற்றுலா மைதானம் அல்ல. அதனால் டிக்கெட் வாங்குவதிலிருந்து சட்டையைத் தேர்ந்தெடுப்பது வரை கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

எந்த வீட்டுக்குப் போகிறோம்?

சான் மமேஸைச் சொந்த வீடாகக் கொண்ட அத்லெடிக் கிளப் 1898இல் தொடங்கியது. பெயரிலேயே முதல் பாடம் இருக்கிறது. தப்பித் தவறியும் "அத்லெடிகோ பில்பாவ்" என்று சொல்லிவிடாதீர்கள். கப்பலோட்டிகளும் பொறியாளர்களுமாக வந்த ஆங்கிலேயரிடமிருந்து பந்தாட்டத்தைக் கற்றுக்கொண்ட ஊர் இது. கிளப்பின் பெயரும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே அமைந்தது. 1941இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி அந்நியப் பெயர்கள் கூடாது என்று அதை "அத்லெடிகோ" ஆக்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் பழைய பெயர் திரும்பியது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. "அத்லெடிக்" என்றால் போதும், பின்னால் ஊர்ப் பெயரும் தேவையில்லை.

இரண்டாவது விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது. பாஸ்க் நாட்டில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து பயின்று வளர்ந்தவர்கள் மட்டுமே இந்த அணியில் ஆடலாம். மண்ணின் மைந்தர் கொள்கை என்று நாம் சட்டென்று பெயர் வைத்துவிடுவோம். ஆனால் இரத்த வழியைக் கேட்கும் கொள்கை அல்ல இது. கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்த பெற்றோருக்கு 1994இல் பில்பாவில் பிறந்தவர் இன்யாகி வில்லியம்ஸ். 2016 முதல் 2023 வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 251 ஆட்டங்கள் ஆடியவர். தம்பி நிகோ பக்கத்து நவாராவில் பம்ப்லோனாவில் பிறந்தவர், கிளப்பின் கணக்கில் அதுவும் பாஸ்க் மண்தான். அரங்கம் அதிக உரிமையோடு கூப்பிடும் பெயர்களில் இந்த இரண்டும் உண்டு.

இப்படிச் சிறு வட்டத்துக்குள் ஆளைத் தேடிக்கொண்டே, 1929இல் லீக் தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூடக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காத மூன்றே அணிகளில் ஒன்றாக இருக்கிறது அத்லெடிக். மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா. இதன் விளைவை அரங்கில் காதால் கேட்கலாம். பந்தைத் தவறவிட்ட இளைஞனை யாராவது திட்டினால், பக்கத்தில் இருப்பவர் திரும்பி முறைப்பார். அந்தப் பையனின் சித்தப்பாவோடு அவர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கக்கூடும்.

முதல் படி: தேதியை நம்பாதீர்கள்

வெளிநாட்டு ரசிகர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான். நானும் விழுந்தேன். ஸ்பெயினின் முதல் பிரிவு லீக்கான லா லீகாவில் 38 சுற்றுகள். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். பருவம் தொடங்கும் முன்பே அட்டவணை வந்துவிடும். ஆனால் அதில் இருப்பது எந்த வார இறுதி என்பது மட்டும்தான். வெள்ளி இரவு 9 மணியிலிருந்து திங்கள் இரவு 9 மணி வரை எந்த நேரத்திலும் அந்த ஆட்டம் நடக்கலாம். நாளும் நேரமும் உறுதியாவது சில வாரங்களுக்கு முன்புதான். சனிக்கிழமை ஆட்டம் என்று நானாகவே முடிவுகட்டி, ஞாயிறு மாலைக்கு விமானம் போட்டேன். ஆட்டம் திங்கள் இரவுக்குப் போனது. காலியான மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். வியாழன் போய்ச் சேர்ந்து செவ்வாய் கிளம்புவதுபோல் திட்டமிடுங்கள். அவ்வளவு விடுப்பு கிடைக்காதென்றால், நாள் உறுதியான பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். அணி ஐரோப்பியப் போட்டியில் வியாழக்கிழமை ஆடினால், அந்த வார லீக் ஆட்டம் ஞாயிறுக்கோ திங்களுக்கோ தள்ளிப் போகும் என்று ஊகிக்கலாம். ஓரளவுக்கு உதவும் கணக்கு அது.

எந்த ஆட்டம்? மாட்ரிட்டோ பார்சிலோனாவோ வரும் நாளை விட்டுவிடச் சொல்வேன். டிக்கெட் கிடைப்பது கடினம், விலையும் ஏறும். இன்னொரு பாஸ்க் அணியான ரியல் சோசியெதாத் வரும் 'பாஸ்க் டெர்பி'க்கு, அதாவது பக்கத்து ஊர்ப் போட்டியாளரோடு நடக்கும் ஆட்டத்துக்கு, வழி இருந்தால் எதை விற்றாவது போங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எதுவும் அமையவில்லையென்றால் நடுத்தர அணி ஒன்றோடு, மழைக்காலத்தில், இரவு ஆட்டம். சான் மமேஸின் சுபாவம் தெரிவது அன்றைக்குத்தான்.

ஆகஸ்டு நடுவில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 15ஆம் தேதியை அடுத்து வரும் சனிக்கிழமை ஊரின் பெருவிழா 'அஸ்தே நகுசியா' தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். அமர்க்களமாக இருக்கும், அறை வாடகையும் அமர்க்களமாக இருக்கும்.

இரண்டாம் படி: டிக்கெட்

மைதானத்தில் 53,000க்குச் சற்று அதிகமான இருக்கைகள். பெரும்பகுதி ஆண்டுச் சந்தா கட்டிய 'சோசியோ' எனப்படும் உறுப்பினர்களுடையது. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும் இருக்கைகள் அவை. பொதுமக்களுக்குக் கிடைப்பது மிச்சமும், வர முடியாத உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கும் இடங்களும். விற்பனை ஆட்டம் நெருங்கும்போதுதான் திறக்கும். மாதக்கணக்கில் முன்பே வாங்கி வைத்து நிம்மதியாகத் தூங்கும் வழி கிடையாது.

கிளப்பின் அதிகாரபூர்வ இணையதளத்தில் கணக்கு ஒன்றை முன்கூட்டியே தொடங்கி வையுங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதிலிருந்து தினமும் எட்டிப் பாருங்கள். இருவர் போவதாக இருந்தால் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காமல் போகலாம். தனித்தனியாக வாங்கத் தயங்க வேண்டாம். தனியாக உட்கார்ந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக் கொடுப்பார். கடைசி இரண்டு நாட்களில் திடீரென்று இடங்கள் முளைப்பதும் உண்டு.

மூன்றாம் நபர் மறுவிற்பனைத் தளங்களில் "கையில் டிக்கெட் இருக்கிறது" என்று பல மாதம் முன்பே விற்பார்கள். பொதுவிற்பனையே தொடங்காதபோது அது எப்படி அவர்கள் கையில் இருக்கும்? அப்படி ஒரு தளத்தில் இரண்டு மடங்கு விலை கொடுத்து, ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரவு "மன்னிக்கவும்" என்ற மின்னஞ்சலைப் பெற்ற அனுபவம் எனக்கு உண்டு. பணம் வந்தது, ஆட்டம் வரவில்லை.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது மழையை நினைவில் வையுங்கள். 2013இல் திறந்தபோது புது மைதானத்தின் கூரை அழகாக இருந்தது, ஆனால் கீழ் வரிசைகளில் இருந்தவர்கள் நனைந்தார்கள். குறை கேட்டுக் கேட்டு 2016இல் கூரையை உள்நோக்கி நீட்டினார்கள். இன்றும் காற்றோடு பெய்தால் முன்வரிசைக்குச் சாரல் வரும். எனக்குப் பிடித்தது மேலடுக்கின் கீழ்வரிசைகள். ஆட்டத்தின் அமைப்பு முழுதும் கண்ணுக்குள் அடங்கும்.

மூன்றாம் படி: விசா, வழி, தங்குமிடம்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம், கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆட்ட டிக்கெட் அப்போது கையில் இருக்காது. கவலை வேண்டாம், சுற்றுலா என்றே விண்ணப்பியுங்கள். தங்குமிடப் பதிவும் திரும்பும் பயணத் திட்டமும்தான் அவர்களுக்கு முக்கியம்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பில்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஐரோப்பாவின் பெரிய விமான நிலையம் ஒன்றில் மாறிப் போகலாம். அல்லது மாட்ரிட்டில் இறங்கி ரயிலிலோ பேருந்திலோ வரலாம், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மாட்ரிட் வழி வருகிறவர்களுக்குப் பரிசு போல, ரயில் வந்து நிற்கும் அபாந்தோ நிலையத்தில் சுவர் நிறைந்த வண்ணக் கண்ணாடி ஓவியம் ஒன்று இருக்கிறது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

விமான நிலையம் லோயுவில். வாசலிலிருந்து ஏ3247 என்ற பிஸ்காய்பஸ் பேருந்து ஊருக்குள் வரும். அரை மணிக்குள் மையப்பகுதி வழியாக வந்து பேருந்து நிலையத்தில் முடியும். அந்தப் பேருந்து நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது. மேலே ஏறி வெளியே வந்தால் எதிரே நிற்பது சான் மமேஸ். நகரத்துக்குள் இவ்வளவு உள்ளே, வீடுகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பெரிய மைதானம் ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

இந்தாவ்ச்சு, மொயுவா சுற்றுவட்டாரத்தில் தங்கினால் மைதானத்துக்கு நடந்தே போகலாம். பழைய நகரமான காஸ்கோ வியெஹோவில் தங்கினால் சாப்பாட்டுக்கும் இரவு நடைக்கும் நல்லது, மைதானத்துக்கு மெட்ரோ பிடிக்க வேண்டும். 'சான் மமேஸ்' என்றே நிறுத்தம் இருக்கிறது. மெட்ரோவை வடிவமைத்தவர் நார்மன் ஃபோஸ்டர். நிலைய வாசலில் வளைந்து நிற்கும் கண்ணாடிக் குழாய்களை ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஃபோஸ்டெரிட்டோ' என்கிறார்கள். 'பாரிக்' அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் ஆகும். ஒரே அட்டையைக் குடும்பமே பயன்படுத்தலாம்.

பையில் மழைச்சட்டை கட்டாயம். இந்த ஊர்த் தூறலுக்கு 'சிரிமிரி' என்று பெயர். பெய்கிறது என்றே தோன்றாது, பத்து நிமிடத்தில் தோள் நனைந்திருக்கும்.

நான்காம் படி: அருங்காட்சியகத்தை முந்தைய நாளே முடித்துவிடுங்கள்

ஆட்ட நாளில் மைதானச் சுற்றுலா முழுதாகக் கிடைக்காது. முந்தைய நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். கோப்பைகளை வேகமாகக் கடந்துவிடலாம், எல்லா ஊரிலும் வெள்ளி வெள்ளிதான். நின்று பார்க்க வேண்டியவை வேறு.

ஒன்று, சட்டையின் கதை. தொடக்கத்தில் அணி நீலமும் வெள்ளையும் உடுத்தியது. 1909இல் ஹுவான் எலோர்துய் என்பவர் இங்கிலாந்து போனபோது அந்த நிறச் சட்டைகள் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. கப்பலேறும் முன் சவுத்ஹாம்ப்டனில் கிடைத்த சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டைகளை வாங்கி வந்தார். பில்பாவின் கொடியும் சிவப்பு வெள்ளைதான், அதனால் அதுவே நிலைத்தது. அதில் ஒரு பங்கு, மாட்ரிட்டில் படித்த பாஸ்க் மாணவர்கள் 1903இல் தொடங்கிய கிளைக் கிளப்புக்குப் போனது. இன்றைய அத்லெடிகோ மாட்ரிட் அதுதான். ஆக, அவர்கள் சட்டையும் கடைசி நேரக் கொள்முதல்தான்.

இரண்டு, பிச்சிச்சி. இயற்பெயர் ரஃபாயெல் மொரேனோ அரன்சாதி. 1913இல் பழைய மைதானம் திறந்தபோது அங்கே முதல் கோலை அடித்தவர். 29 வயதில், 1922இல் இறந்துவிட்டார். ஸ்பெயின் லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் விருதுக்கு இவர் பெயர்தான். அவருடைய மார்பளவுச் சிலை மைதானத்துக்குள் இருக்கிறது. சான் மமேஸுக்கு முதல் முறை ஆட வரும் அணியின் தலைவர் அந்தச் சிலையின் முன் பூங்கொத்து வைப்பது மரபு. நீங்களும் முதல் முறை வருகிறவர்தானே, பூ வேண்டாம், ஒரு கணம் நின்றுவிட்டு நகருங்கள்.

மூன்று, பெயர்க் காரணம். மைதானத்தின் பக்கத்தில் ஒரு பழைய ஆதரவற்றோர் இல்லம் இருக்கிறது, அங்கே புனித மமேஸ் பெயரில் சிற்றாலயம். சிங்கங்களின் முன் வீசப்பட்டும் அவை தொடாமல் விட்ட துறவி அவர் என்பது தொன்மம். அதனால்தான் ஆட்டக்காரர்களுக்குச் 'சிங்கங்கள்' என்றும், மைதானத்துக்குப் 'பேராலயம்' என்றும் பெயர். நூறாண்டு ஆடிய பழைய மைதானம் 2013இல் விடைபெற்றது. அதன் புகழ்பெற்ற வெள்ளை வளைவைக் குப்பையில் போட மனமில்லாமல், இளம் வீரர்கள் பயிலும் லெசாமாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

கிளப் 2015 முதல் கொடுக்கும் 'ஒரே கிளப் மனிதர்' விருதும் இங்கே கண்ணில் படும். வாழ்நாள் முழுதும் ஒரே அணிக்கு ஆடிய வேற்றுக் கிளப் வீரர்களுக்கு உரியது. முதலில் சவுத்ஹாம்ப்டனின் மாட் லெ டிசியே, அடுத்த ஆண்டு ஏசி மிலானின் பாவ்லோ மால்தினி. தன் வீட்டுப் பிள்ளையை மட்டுமே ஆடவைக்கும் கிளப், அடுத்த வீட்டுப் பிள்ளையின் விசுவாசத்துக்குப் பரிசு கொடுக்கிறது.

ஐந்தாம் படி: போஸாஸ் தெருவில் மூன்று மணி நேரம்

இந்தப் படியைத் தவிர்த்தவர் பாதி ஆட்டத்தைத் தவறவிட்டவர். லிசென்சியாடோ போஸா என்பது தெருவின் முழுப்பெயர். ஊரார் வாயில் 'போஸாஸ்'. நேராக மைதானத்தின் முகத்தில் போய் முடியும் தெரு. இருபுறமும் மதுக்கூடங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சிவப்பு வெள்ளையால் நிறையும். தேர் புறப்படும் முன் மாடவீதியில் நிற்பது மாதிரி. யாரும் அவசரப்பட மாட்டார்கள், ஆனால் எல்லாரும் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

ஒரே கடையில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு கடையில் ஒரு வாய், ஒரு மடக்கு, அடுத்த கடை. இதற்குப் பெயர் 'போத்தேயோ'. 'சூரிட்டோ' என்றால் சின்னக் கோப்பையில் பீர். 'சக்கொலி' உள்ளூர் வெள்ளைத் திராட்சை மது. 'கலிமோச்சோ' என்பது சிவப்பு மதுவும் கோலாவும் பாதிப்பாதி, இளைஞர்கள் குடிப்பது. ஒரு முறை குடித்துப் பார்த்தேன், அது போதும். மது வேண்டாம் என்றால் 'மோஸ்தோ' என்று கேளுங்கள், திராட்சைச் சாறு. யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

மேடையில் தட்டுத் தட்டாக வைத்திருக்கும் சிறு தீனிகள்தான் 'பின்ச்சோ'. சைவர்களுக்கு ஒரு சொல்: "கறி இல்லாமல்" என்று கேட்டால் சூரை மீனோ பன்றித் தொடையோ வைத்த ரொட்டியை நீட்டுவார்கள், அவர்கள் கணக்கில் அவை கறியில் சேராது. "சின் ஹமோன், சின் அதூன்" என்று இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான தோர்த்தியா உங்களைக் காப்பாற்றும். கெர்னிகா மிளகாய் கிடைக்கும் காலமானால் எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிக் கொடுப்பார்கள். நம் நாக்குக்கு அது மிளகாயே அல்ல, ஆனால் அருமை. சாப்பிட்ட கணக்கை நீங்களே சொல்லிப் பணம் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. ஒன்றைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் வேண்டாம். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

என்ன உடுத்துவது? அத்லெடிக் கழுத்துத் துண்டு ஒன்று போதும். ஸ்பெயின் தேசிய அணிச் சட்டையை மட்டும் அறையிலேயே விட்டுவிடுங்கள். யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் பாஸ்க் அடையாளமும் ஸ்பெயின் அரசும் உரசிய வரலாறு நீண்டது. விருந்தாளி அந்தப் பேச்சைக் கிளப்ப வேண்டியதில்லை. "கைஷோ" என்றால் வணக்கம், "எஸ்கெரிக் அஸ்கோ" என்றால் நன்றி, "அவ்பா" எதற்கும் பொருந்தும். பாஸ்க் மொழியில் இந்த மூன்று சொற்கள் தெரிந்த வெளிநாட்டவருக்கு இந்தத் தெருவில் ஒரு சூரிட்டோவாவது இலவசம்.

ஆறாம் படி: உள்ளே

டிக்கெட் செல்பேசியில்தான் வரும். மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று போஸாஸுக்குப் போகும் முன்பே பாருங்கள். பாஸ்போர்ட்டின் நகலாவது கையில் இருக்கட்டும். பெரிய பை வேண்டாம், தண்ணீர்ப் புட்டியின் மூடியை வாசலில் கழற்றி வாங்கிவிடுவார்கள். பலகைகள் இரு மொழியில் இருக்கும். 'அதேயா' வாசல், 'இலாரா' வரிசை, 'எசெர்லெக்குவா' இருக்கை, 'கோமுனா' கழிப்பறை, 'இர்தெயெரா' வெளியேறும் வழி. ஆட்டத்துக்கு அரை மணி முன்பாவது உள்ளே போய்விடுங்கள். அணிகள் வரும்போது அரங்கமே எழுந்து நின்று பாஸ்க் மொழியில் கிளப் கீதத்தைப் பாடும். வார்த்தை தெரியாவிட்டாலும் துண்டை இரு கையால் உயர்த்திப் பிடிக்கலாம்.

உள்ளே பீர் விற்பார்கள், ஆனால் போதை இருக்காது. விளையாட்டரங்குகளில் மதுவுக்கு ஸ்பெயினில் சட்டப்படி தடை. இடைவேளையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். அரங்கம் முழுதும் வெள்ளித்தாள் பிரிக்கும் சத்தம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த 'பொகாதியோ' ரொட்டிப் பொட்டலங்கள். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பக்கத்து அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் தோர்த்தியா ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார். மறுக்க இடமே கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் நான் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறேன், ஒன்று யாருக்காவது கொடுக்க.

சத்தம் எப்போது வரும் என்பதும் கற்றுக்கொள்ள வேண்டியது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பகுதி நிற்காமல் பாடும். மற்றவர்கள் அமைதியாக ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். மூலை உதை கிடைத்தாலோ, ஒருவர் முப்பது அடி துரத்தி ஓடிப் பந்தைப் பறித்தாலோ மொத்த அரங்கமும் ஒரே நொடியில் எழும். அலங்கார ஆட்டத்தைவிட உழைப்புக்கு இங்கே கைதட்டு அதிகம். ஒருவர் "அத்லெ-டிக்" என்று நீட்டிக் கூவ, அரங்கம் "எவ்ப்!" என்று பதில் சொல்லும் கணம் வரும். இரண்டாவது முறை கேட்கும்போது நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். எதிரணியில் யாராவது நன்றாக ஆடி வெளியேறினால் அவருக்கும் கைதட்டுவார்கள், அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திராதீர்கள்.

ஆண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் பெண்கள் அணியின் அட்டவணையைப் பாருங்கள். வழக்கமாக அவர்கள் லெசாமாவில் ஆடுவார்கள், பெரிய ஆட்டங்களுக்குச் சில சமயம் சான் மமேஸ் திறக்கும். 2019 ஜனவரியில், வேலைநாள் ஒன்றில், அத்லெடிகோ மாட்ரிட்டோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 48,121 பேர்.

எதிரணி ரசிகராகப் போனால்

உங்கள் அணியின் பகுதியில் உட்கார விரும்பினால் உங்கள் கிளப் வழியாகவே டிக்கெட் வாங்க வேண்டும். லீக் ஆட்டங்களில் ஸ்பெயினில் வெளியூர் ரசிகர்கள் குறைவு. தூரம் ஒரு காரணம், இரவு 9 மணி ஆட்டம் இன்னொன்று. ஐரோப்பியப் போட்டிகளில் கெடுபிடி அதிகம். ஆட்டம் முடிந்தும் உங்களை அரங்கிலேயே நிறுத்தி வைப்பார்கள், கடைசி மெட்ரோவை நம்பித் திட்டமிட வேண்டாம். அத்லெடிக் ரசிகர்களுக்கான இருக்கையில் எதிரணிச் சட்டையோடு உட்காருவது மரியாதையும் அல்ல, பல ஆட்டங்களில் வாசலிலேயே தடுத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் விதிவிலக்கு பாஸ்க் டெர்பி. சான் செபாஸ்தியனிலிருந்து நீல வெள்ளைச் சட்டைகளோடு ரியல் சோசியெதாத் ரசிகர்கள் வருவார்கள். போஸாஸில் இரு நிறமும் ஒரே மேடையில் சாய்ந்து குடிக்கும். அரங்கிலும் கலந்தே உட்காருவார்கள். கணவன் ஒரு நிறம், மனைவி ஒரு நிறம் என்று குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இதன் வேர் ஆழமானது. 1976 டிசம்பர் 5 அன்று, பாஸ்க் கொடி சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சான் செபாஸ்தியனில் நடந்த இதே டெர்பியில் அத்லெடிக் அணித்தலைவர் இரிபாரும் சோசியெதாத் அணித்தலைவர் கோர்தாபாரியாவும் அந்தக் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள். அடுத்த மாதமே தடை நீங்கியது. தொண்ணூறு நிமிடம் ஒருவரையொருவர் விடமாட்டார்கள், அது வேறு.

மறுநாள்

காலையில் மைதானத்திலிருந்து ஆற்றோரம் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் கடல்சார் அருங்காட்சியகம் வரும். 'கரோலா' என்ற சிவப்புப் பாரந்தூக்கி அடையாளம். பழைய கப்பல்கட்டும் தளத்தின் எச்சம் அது. அங்கேதான் 'கபாரா' இருக்கும், சரக்கு இழுத்த பழைய தட்டைப்படகு. 1983, 1984இல் பட்டம் வென்றபோது அணியை ஏற்றிக்கொண்டு ஆற்றில் ஊர்வலம் வந்தது. அதன் பிறகு நாற்பது வருடம் சும்மா கிடந்தது. தாத்தாக்கள் சொன்ன கதையாகவே ஒரு தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்தது. 2024 ஏப்ரல் 6 அன்று செவியாவில் மயோர்காவைப் பெனால்டியில் வென்று ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரே கிடைத்தது. ஐந்து நாள் கழித்துக் கபாரா மறுபடி மிதந்தது. இரு கரையிலும் லட்சக்கணக்கானோர். முந்தைய ஊர்வலத்தைச் சிறுவயதில் பார்த்தவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அங்கிருந்து அதே ஆற்றங்கரையில் கால் மணி நேரம் நடந்தால் குகன்ஹைம் அருங்காட்சியகம். 1997இல் திறந்த டைட்டானியக் கட்டடம், உலகத்துக்குப் பில்பாவைக் காட்டியது. அதன் அருகே உள்ள பூங்காவின் பெயரைப் படியுங்கள்: 'கம்பா டே லோஸ் இங்கிலேசஸ்', ஆங்கிலேயர் திடல். இறக்கிய சரக்குக்கும் ஏற்றும் சரக்குக்கும் நடுவில் கிடைத்த ஓய்வில் மாலுமிகள் பந்து உதைத்ததும், கரையில் நின்று பில்பாவ்ப் பையன்கள் வேடிக்கை பார்த்ததும் இந்த இடத்தில்தான்.

ஊர் திரும்பும் நாளில் பெட்டியைப் பேருந்து நிலையப் பாதுகாப்பறையில் வைத்துவிட்டு, போஸாஸில் கடைசியாக ஒரு காபி குடிக்கலாம். ஆட்டமில்லாத நாளில் அது சாதாரணத் தெருதான், பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பைகளும். விமான நிலையத்துக்கு அதே ஏ3247. புறப்படும் இடம் கீழ்த்தளத்தில், பலகையைப் பார்த்து இறங்குங்கள். சீட்டுக்குப் பாரிக் அட்டையே போதும். மீதிப் பணம் இருந்தால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறைக்கு ஆகும்.